ரேகை விழாதவர்களுக்கு என்ன வழி? பயோமெட்ரிக் நிறுவல் சேவை ஒன்றைப் பற்றி

காலை எட்டே முக்கால் மணிக்கு எங்கள் தொழிற்சாலை வாசலுக்கு வந்து பார்த்தால், வரிசையில் நிற்கும் பெண்களில் பலர் ஆட்காட்டி விரலைத் தலைமுடியில் ஒரு தடவை தேய்த்துவிட்டுத்தான் கருவியின் மேல் வைக்கிறார்கள் என்பது தெரியும். காய்ந்த விரலில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஏறினால் ரேகை நன்றாகப் பதியும் என்பதை அவர்கள் ரேஷன் கடையில் கற்றுக்கொண்டார்கள். எங்களுக்குக் கருவி நிறுவித் தந்த நிறுவனத்தின் கையேட்டில் இது எங்கும் இல்லை. விரல் உலர்ந்தும் சுத்தமாகவும் இருக்க வேண்டும் என்றுதான் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். 14 மாதங்களாக அந்நிறுவனத்தின் சேவையைப் பயன்படுத்திவரும் எனக்கு, அவர்களுடைய திறமையும் குறையும் அந்த ஒரு வரியிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது: கருவியைப் பற்றி அவர்களுக்கு நன்றாகத் தெரியும், விரலைப் பற்றி அவ்வளவு தெரியாது.

பெங்களூரு ஓசூர் சாலையை ஒட்டி, பொம்மனஹள்ளிக்கு அருகில் இருக்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணியாளர் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். நாங்கள் கருவி வைத்தபோது 612 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் தமிழ் பேசுபவர்கள். ஈஜிபுரா, விவேக் நகர் பக்கம் குடியிருப்பவர்களும் உண்டு, விடியற்காலையில் ஓசூரிலிருந்தும் அத்திபெலேயிலிருந்தும் பஸ் பிடித்து வருபவர்களும் உண்டு. நாங்கள் வாங்கியது வெறும் கருவி இல்லை. எந்தக் கருவி பொருந்தும் என்று ஆராய்வது, சட்டத்தில் எது செல்லும் எது செல்லாது என்று சொல்வது, ஆட்களைப் பதிவு செய்வது, சம்பளக் கணக்கோடு இணைப்பது, பிறகு ஓராண்டு உடனிருந்து பராமரிப்பது என எல்லாம் சேர்ந்த ஒரு சேவை அது. குறைகளையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இதே வேலையைச் செய்பவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். யாரிடம் வாங்கினாலும் இந்த அனுபவம் பயன்படக்கூடும்.

முன்பு எங்களிடம் அட்டை தேய்க்கும் முறை இருந்தது. தாமதமாக வரும் தோழியின் அட்டையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டுப் போவது எல்லா லைனிலும் நடந்தது; அது எங்களுக்கும் தெரியும், சூப்பர்வைசர்களுக்கும் தெரியும். அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. அக்காவின் ஆதார் நகலை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்து சேரும் தங்கைகள் இருந்தார்கள். வயது பதினெட்டு ஆகாத பெண் ஒருத்தி அக்காவின் பெயரில் ஓவர்லாக் இயந்திரத்தில் உட்கார்ந்திருப்பது எங்களைப் போன்ற ஏற்றுமதி நிறுவனத்துக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்று இத்துறையில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விலைப்புள்ளி கேட்டு அழைத்த நான்கு நிறுவனங்களில் மூன்று, வந்த உடனே பெட்டியைத் திறந்து கருவியைக் காட்டின. இவர்கள் மட்டும் முதல் சந்திப்பில் கருவி எதையும் கொண்டுவராமல், எங்கள் தேவையை இரண்டு கேள்விகளாகப் பிரித்தார்கள். வேலைக்குச் சேர வந்திருப்பவர் உண்மையில் யார் என்பது முதல் கேள்வி. அது சேரும் நாளன்று ஒரு முறை மட்டும் எழுவது. நேற்று வந்தவர்தானா இன்றும் வந்திருக்கிறார் என்பது இரண்டாவது. அது தினமும் எழுவது. ஒரே கருவியை வாங்கி இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும் என்று நினைப்பதுதான் பெரும்பாலான நிறுவனங்கள் செய்யும் பிழை என்றார் அவர்களுடைய ஆலோசகர். கருவி எவ்வளவு துல்லியமானதாக இருந்தாலும், தங்கையை அக்காவின் பெயரில் பதிவு செய்துவிட்டால், அதன்பின் தினமும் அவளை அக்கா என்றே அது தவறாமல் உறுதிசெய்துகொண்டிருக்கும். ஒப்பந்தம் அவர்களுக்குப் போனதற்கு இந்த ஒரு விளக்கமே காரணம்.

ஆதார் விஷயத்திலும் அவர்கள் நேர்மையாக நடந்துகொண்டார்கள். மற்ற இரண்டு நிறுவனங்களின் விற்பனையாளர்கள், தொழிலாளியின் விரலை வைத்ததும் ஆதார் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். அது அவ்வளவு எளிதில் சட்டப்படி நடக்காது என்று இவர்கள் சொன்னார்கள். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று வழங்கிய தீர்ப்பில், தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தின் பேரில் ஆதார் சரிபார்ப்பைப் பயன்படுத்த வழிவிட்ட, ஆதார் சட்டத்தின் 57ஆவது பிரிவின் பகுதியை நீக்கிவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி இதே பெங்களூருவில் வாழ்ந்த, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி என்பதை எங்கள் நிர்வாக இயக்குநருக்கு நான்தான் சொன்னேன். பின்னர் வந்த திருத்தங்கள் சில கதவுகளைத் திறந்திருந்தாலும், அனுமதி பெறாத ஒரு தையல் நிறுவனம் ஆதார் ஆணையத்தின் சர்வரைத் தட்ட முடியாது. அதற்கு மாற்றாக இவர்கள் காட்டிய வழி எளிமையானது: ஆதார் அட்டையில் இருக்கும் க்யூ.ஆர். குறியீட்டை, வைத்திருப்பவரின் சம்மதத்தோடு ஸ்கேன் செய்வது. ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் அதில் இருப்பதால், பெயரையோ பிறந்த தேதியையோ படத்தையோ மாற்றி அச்சிட்ட போலி அட்டை அங்கேயே பிடிபட்டுவிடும். உண்மையான அட்டை என்றால் உள்ளிருக்கும் படம் திரையில் வந்துவிடும், எதிரில் நிற்பவரோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். நகலை வாங்கி ஃபைலில் வைப்பதும் வேண்டாம், எண்ணைச் சேமிப்பதும் வேண்டாம். மூன்றாவது வாரத்திலேயே ஒரு தங்கை இப்படித் தெரியவந்தாள். அவளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த அறையில் இருந்த யாருக்கும் அது மகிழ்ச்சியான நாள் இல்லை, ஆனால் சேவை சரியாக வேலை செய்தது என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

தினசரி வருகைக்கான கருவியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் செலவானது, செலவாகவும் வேண்டியிருந்தது. கைரேகைக் கருவி விரலின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவதில்லை. ரேகைக் கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே கவையாகப் பிரிகின்றன என்ற புள்ளிகளைக் கணக்கெடுத்து, அவற்றின் இடத்தையும் திசையையும் எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறது; இதைத்தான் டெம்ப்ளேட் என்கிறார்கள். கோடுகள் தேய்ந்திருந்தால் புள்ளிகள் கிடைக்காது. எங்கள் வாஷிங் பிரிவில் ஜீன்ஸ் துணியை வெளுப்பதற்கும் சாயம் இறக்குவதற்கும் ரசாயனங்களில் புழங்கும் ஆண்களின் விரல்கள், மழைக்காலத்தில் தண்ணீரிலேயே கிடந்தவை போல வெளுத்துச் சுருங்கி இருக்கும். நூல் வெட்டும் பெண்களுக்கு ஆட்காட்டி விரலின் நுனியில் கத்தரி பட்டுக் காய்த்திருக்கும். அயர்னிங் ஆட்களுக்குக் கட்டைவிரலில் சூட்டுத் தழும்பு இருக்கும்.

ஆய்வுக்கு வந்த இளைஞர், கிருஷ்ணகிரிக்காரர், ஒரு கையடக்க ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நான்கு நாள் லைன் லைனாக நடந்து ஆட்களின் விரல் தரத்தைச் சோதித்தார். அது பாராட்டத்தக்க உழைப்பு. ஆனால் அவர் வந்த நாட்களில் வாஷிங் பிரிவில் இரவு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்ததால், அந்தப் பிரிவில் ஏழு பேரை மட்டும் பார்த்துவிட்டு, மற்றவர்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று அறிக்கையில் எழுதிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நாங்கள் பிறகு கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன்.

கணக்கு ஒன்றையும் அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். இதை எந்த விளம்பரத் தாளிலும் பார்க்க முடியாது. பத்தாயிரத்தில் ஒரு தடவைதான் வேற்று ஆளைத் தவறாக ஏற்கும் என்று ஒரு கருவியைப் பற்றிச் சொன்னால், அது ஒரு விரலை ஒரே ஒரு டெம்ப்ளேட்டோடு ஒப்பிடும்போது உள்ள கணக்கு. பணியாளர் எண்ணைத் தட்டிவிட்டு விரலை வைத்தால் அப்படித்தான் நடக்கும். எண் எதுவும் தட்டாமல் நேரடியாக விரலை வைத்தால், கருவி 612 பேரின் டெம்ப்ளேட்டுகளிலும் தேட வேண்டியிருக்கும். அப்போது பதிவே செய்யாத ஒருவருடைய விரல் யாரோ ஒருவருடையதாகப் பொருந்திவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 6 விழுக்காடாக உயர்ந்துவிடும். எண் தட்டச் சொன்னால் வரிசை நகராது. தட்ட வேண்டாம் என்றால் ஆள் மாறும். இதற்கு அவர்கள் கண்ட வழி நியாயமானது: நான்கு வாசல்களுக்கு நான்கு கருவி வைத்து, அந்தந்த வாசல் வழியாக வரும் லைன்களின் டெம்ப்ளேட்டுகளை மட்டும் அந்தக் கருவியில் ஏற்றினார்கள். ஒரு கருவியில் நூற்றைம்பது பேர் என்றானதும் ஆபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. வேறு வாசலில் நுழைய முயல்பவர்களுக்கு மட்டும் தொந்தரவு. அதுவும் ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

போலி விரல் பற்றிய ஒரு செய்முறையையும் காட்டினார்கள். நாங்கள் முதலில் வாங்க நினைத்திருந்த மலிவான கருவியின் மேல், பசையில் வார்த்த ஒரு மெல்லிய விரல் தோலை ஒட்டிக்கொண்டு அவர்களுடைய ஊழியர் விரலை வைத்தார். கருவி எங்கள் நிர்வாக இயக்குநரின் பெயரைச் சொல்லி வாழ்த்தியது. அடுத்த நிமிடமே, ஐ.எஸ்.ஓ. 30107 தரத்தின்படி போலிகளைக் கண்டறியும் சோதனையில் தேறிய கருவியைத்தான் வாங்க வேண்டும் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். நான் மூன்று மாதம் எழுதிய குறிப்புகளால் ஆகாத காரியம் அது.

பதிவு செய்யும் வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது. வந்தவர்களுக்கு ஓவர்டைம் கொடுத்தோம். இடது கை இரண்டு விரல், வலது கை இரண்டு விரல், பிறகு முகம். வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி பார்க்கப் போனால் பெண்களுக்கு இடது கை ரேகைதான் எடுப்பார்கள், இங்கே என்ன இரண்டு கையையும் கேட்கிறீர்கள், அப்படியானால் எதிர்காலத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்று ஒருவர் கேலி செய்ய, அறை முழுக்கச் சிரிப்பு. சிரிக்காதவர்களும் இருந்தார்கள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இங்கே செக்கிங் பிரிவில் இருக்கும் ஓர் அம்மாள், விரலைக் கருவிக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "மேடம், எங்கப்பா ரேகை வச்சுத்தான் ரெண்டு ஏக்கர் போச்சு. இது எதுக்குன்னு சொல்லுங்க, வைக்கிறேன்" என்றார்.

அவருடைய பயம் அறியாமை இல்லை. கைரேகையை ஆள் அடையாளமாக வாங்கும் வழக்கமே இந்த நாட்டில் ஓர் ஒப்பந்தத்தில்தான் தொடங்கியது: 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலைக்கு வேண்டிய பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவர் பின்னால் பேச்சு மாறிவிடக் கூடாது என்று பத்திரத்தில் அவருடைய உள்ளங்கையை மை தடவிப் பதியவைத்தார். யாருடைய கை பதிந்தது, யாருடைய பயன் கருதிப் பதிந்தது என்பது அன்றே தெளிவாக இருந்தது. இந்த அம்மாளுக்கு விளக்க வேண்டியது சேவை நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தோம். அவர்கள் கொண்டுவந்ததோ ஒரு சம்மதப் படிவம்.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி பயோமெட்ரிக் தகவல் என்பது நுண்ணுணர்வுத் தகவல். அதை வாங்குமுன் எழுத்துமூலம் சம்மதம் பெற வேண்டும். 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அறிவிப்பைப் படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாகி, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கின்றன என்றாலும், முன்கூட்டியே செய்வது நல்லது என்று இவர்கள்தான் எங்களுக்குச் சொன்னார்கள். சொன்னது சரி, செய்ததுதான் சரியில்லை. கன்னடப் படிவம் நன்றாக இருந்தது. தமிழ்ப் படிவத்தை ஏதோ ஒரு மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார்கள். தகவலுக்கு உரியவரான தொழிலாளியை அந்தப் படிவம் முழுக்க 'தரவு முதல்வர்' என்று குறிப்பிட்டிருந்தது. "தரவு முதல்வர் தமது சம்மதத்தை எந்நேரமும் வாபஸ் பெறலாம்" என்ற வரியைப் படித்த ஒரு டைலர், எந்த மாநிலத்து முதல்வர் என்று கேட்டார். இரவோடு இரவாக நானே உட்கார்ந்து, 'உங்கள் விரல் ரேகையையும் முகத்தையும் எண்களாக மாற்றி வைத்துக்கொள்கிறோம். நீங்கள் வேலைக்கு வந்தீர்களா என்று பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துவோம். கடன், பத்திரம், சொத்து எதற்கும் இதற்கும் தொடர்பில்லை' என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். செக்கிங் அம்மாள் அதைப் பக்கத்தில் இருந்தவரை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வேலைய விட்டுட்டுப் போனா என் ரேகை என்ன ஆகும்?" என்று கேட்டார். நிறுவனத்தின் பிரதிநிதியிடம் பதில் இல்லை. அவர் மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி, பத்து நாள் கழித்து, கணக்கு முடித்த 30 நாளில் எல்லாக் கருவியிலிருந்தும் சர்வரிலிருந்தும் அழிப்போம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துத் தந்தார். 14 மாத வேலையில் மிகப் பயனுள்ள கேள்வியைக் கேட்டது அந்தச் செக்கிங் அம்மாள்தான். ஆலோசகரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் சம்பளத்தில்தான் அடி விழுந்தது. எங்கள் கிழக்கு வாசலில் முகம் பார்க்கும் கருவியைச் சுவரில் பொருத்தியபோது மதியம் மூன்று மணி. காலையில் வெயில் நேராக அதன் கண்ணாடியில் விழும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அந்த வகைக் கருவிகள் தாமே அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி முகத்தைப் பார்க்கின்றன. சூரிய ஒளியிலும் அதே ஒளி நிறைந்திருப்பதால், வெயிலில் கருவிக்குக் கண் கூசிவிடும். மார்கழி வெயில் சாய்வாக விழுந்த நாட்களில், கருவி 'மீண்டும் முயலவும்' என்று சொல்லிக்கொண்டே இருக்க, பின்னால் வரிசை நீள, செக்யூரிட்டி ஆட்களை உள்ளே விட்டுவிட்டார். உள்ளே வந்த பதிவு இல்லாமல் மாலையில் வெளியேறும் பதிவு மட்டும் விழுந்தால் அதை அரை நாளாகக் கணக்கிடும்படி மென்பொருளில் எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு விதி இருப்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. டிசம்பர் சம்பளத்தில் 37 பேருக்கு ஒன்று முதல் நான்கு அரை நாள் வரை பிடித்தம் ஆகியிருந்தது.

தவறு எங்கேயும் நடக்கும். அதைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்பதில்தான் சேவையின் தரம் தெரியும். ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிற்சாலையில் மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுத்துவிட வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் விதித்திருந்தது. நான் நான்காம் தேதி மாலை அவர்களுடைய உதவி எண்ணை அழைத்தேன். புகார் எண் கொடுத்தார்கள். ஐந்தாம் தேதி இன்னொரு புகார் எண் கொடுத்தார்கள். ஆறாம் தேதி ஒருவர் அழைத்து, கருவியில் கோளாறு எதுவும் இல்லை, பதிவு ஆகாததற்குப் பயனாளர்கள் சரியாக நிற்காததே காரணம் என்று விளக்கினார். விதியைத் திருத்தி மறுகணக்கு போட்டுத் தந்தபோது பத்தாம் தேதி ஆகிவிட்டது. அதுவரை நாங்கள் செக்யூரிட்டியின் கேட் நோட்டையும் லைன் சூப்பர்வைசரின் உற்பத்திக் கணக்கையும் வைத்துக்கொண்டு, கையால் எழுதிக் கூட்டி, அந்த 37 பேருக்கும் ஏழாம் தேதிக்குள் ரொக்கமாகக் கொடுத்து முடித்தோம். கருவியை நிழலுக்கு மாற்றிய செலவையும் எங்கள் தலையில்தான் போட்டார்கள். இடம் மாற்றுவது பராமரிப்பில் அடங்காதாம்.

இனி, ரேகை விழாதவர்கள். பதிவு முடிந்தபோது 11 பேருக்கு எந்த விரலும் பயன்படும் அளவுக்குப் பதியவில்லை. ஒன்பது பேர் வாஷிங் பிரிவு. ஆய்வில் பார்க்காமல் விட்ட ஆட்கள் இவர்கள்தான். முகக் கருவி வாஷிங் பிரிவின் வாசலில் நீராவியால் கண்ணாடி மங்கி வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டபோது நிறுவனம் தந்த தீர்வைக் கேட்டு நான் திகைத்துப்போனேன்: சூப்பர்வைசருக்கு ஒரு பாஸ்வேர்டு கொடுத்துவிடலாம், அவர் இந்தப் 11 பேரின் வருகையை அழுத்திவிடட்டும் என்றார்கள். எந்த ஓட்டையை அடைக்க இத்தனை லட்சம் செலவழித்தோமோ, அதே ஓட்டையைப் பாஸ்வேர்டு போட்டுத் திறந்துவைப்பது இது. அதோடு, அந்த 11 பேரும் ஒவ்வொரு நாளும் தாம் வந்ததை இன்னொருவர் ஒப்புக்கொள்வதற்காகக் காத்து நிற்க வேண்டும். சூப்பர்வைசரோடு ஒரு வார்த்தை தடித்தால் அன்றைய சம்பளம் கேள்விக்குறி.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் கடிதம் எழுதியபின், ரேகையின் மேல்தோலுக்கு அடியிலும் பார்க்கும் பன்னிற ஒளிக் கருவி ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவந்தார்கள். அதில் 11 பேரில் எட்டுப் பேரின் விரல் விழுந்தது. மீதி மூன்று பேருக்குப் பணியாளர் எண்ணோடு முகம் என்று, நீராவி வராத அலுவலக வாசலில் ஒரு கருவியை ஒதுக்கினோம். இதை முதல் நாளே செய்திருக்கலாம். அந்தக் கருவி அவர்களுடைய விலைப்பட்டியலில் முதலிலிருந்தே இருந்தது. விலை கூடுதல் என்பதால் பெரும்பாலோர் வேண்டாம் என்பார்கள், அதனால் சொல்லவில்லை என்றார் பிரதிநிதி. எங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்று எங்களிடம் கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

பாதுகாப்பைப் பற்றி ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. டெம்ப்ளேட்டுகளை வெளியூர்ச் சர்வரில் வைக்காமல் எங்கள் கட்டிடத்துக்குள்ளேயே ஒரு கணினியில் மறையாக்கம் செய்து வைக்கும்படி கேட்டபோது, கூடுதல் பணம் கேட்காமல் செய்து கொடுத்தார்கள். பாஸ்வேர்டு திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. 2015இல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து 56 லட்சம் பேரின் கைரேகைகள் களவு போனதாக அந்த அரசே ஒப்புக்கொண்டது. அவ்வளவு பெரிய அலுவலகத்தின் கதியே அது என்றால், எங்களைப் போன்றவர்கள் எவ்வளவு குறைவாகச் சேர்த்துவைக்கிறோமோ அவ்வளவு நல்லது. கெட்டது என்னவென்றால், நான்கு கருவிகளிலும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் மாதம் தற்செயலாகக் கையேட்டைப் புரட்டியபோது அச்சிட்டிருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். மொத்தப் பட்டியலும் திறந்துகொண்டது. இதைச் சுட்டிக்காட்டியபோது வந்த மன்னிப்புக் கடிதம் மட்டும் உடனே வந்தது, புகார் எண் இல்லாமல்.

எதிர்பாராத ஓர் உதவியையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் முதல் பி.எஃப். அமைப்பு, புதிதாகச் சேர்பவர்களுக்கு யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். கணக்கு எண்ணை உருவாக்குவதை உமங் என்ற அரசுச் செயலியில் முகச் சரிபார்ப்பு மூலம் செய்யச் சொன்னது. எங்கள் புதுத் தொழிலாளிகளில் பலரிடம் அந்தச் செயலி ஓடும் செல்பேசியே இல்லை. இது அவர்களுடைய ஒப்பந்தத்தில் இல்லாத வேலை. ஆனாலும் அதே கிருஷ்ணகிரி இளைஞர் இரண்டு நாள் வந்து, ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, கண் சிமிட்டச் சொல்லி, முடித்துக் கொடுத்தார். "அக்கா, மூச்சு விடுங்க, போட்டோவுக்கு இல்ல" என்று அவர் சொல்லும் விதத்திலேயே பாதிப் பேருக்குப் படபடப்பு போய்விட்டது. நிறுவனத்தின் உதவி எண்ணுக்கும் இந்த இளைஞருக்கும் உள்ள தூரத்தை நிறுவனமே அளந்து பார்க்க வேண்டும்.

விலை ஆள் ஒன்றுக்கு மாதம் 38 ரூபாய், கருவிகள் தனி. வந்திருந்த நான்கு விலைப்புள்ளிகளில் இது இரண்டாவது அதிகம். அட்டை மாற்றித் தேய்ப்பது நின்றுவிட்டது. காலை வரிசை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே கலைந்துவிடுகிறது. நூறு பேருக்குக் குறைவாக உள்ள பட்டறைகளுக்கு இந்தச் சேவை அதிகம். ஒரு நல்ல கருவியும், ஆட்களை முகம் பார்த்து அறிந்த ஒரு சூப்பர்வைசருமே போதும். முந்நூறு பேருக்கு மேல், அதிலும் தண்ணீரிலும் ரசாயனத்திலும் கை வைப்பவர்கள் இருந்தால், இவர்களை அழைக்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் கையெழுத்து போடும் முன், ஆய்வறிக்கையில் எல்லா ஷிப்டிலும் எல்லாப் பிரிவிலும் எத்தனை பேரின் விரலைப் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே வந்த பதிவோ வெளியேறிய பதிவோ விடுபட்டால் மென்பொருள் என்ன செய்யும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கருவிகளை எந்த நேரத்தில் பொருத்துகிறார்கள் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வரச் சொல்லுங்கள்.

கடந்த மாதம் இரண்டாம் ஆண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தோம். சம்பளத்தைப் பாதிக்கும் புகாரை 24 மணி நேரத்தில் தீர்க்காவிட்டால் அந்த மாதக் கட்டணம் கிடையாது என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறோம். இரண்டு சுற்றுப் பேச்சுக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். தமிழ்ப் படிவத்தை இனி என்னுடைய வாசகத்திலேயே மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுங்கள், அந்த முதல்வரை மட்டும் திரும்பச் சேர்த்துவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். வாஷிங் பிரிவுக்கு இரண்டாவது பன்னிறக் கருவி வருவதாகச் சொன்ன தேதி தாண்டி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது.